கிளாசுக்குப் போகாமலே நர்சிங், கூடவே பாட்டு: நடக்குமா?

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 18 வயது மாணவி எழுதிய நாலு பக்கக் கடிதம் இது. பிளஸ் டூவில் பயாலஜி பிரிவு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 300க்கு 247. ஒன்பது வருடமாக உள்ளூர் ஆசிரியை ஒருவரிடம் வாய்ப்பாட்டு கற்கிறார்; திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் சேர ஆசை. அப்பா தனியார் பேருந்தில் நடத்துநர். பெண் நர்ஸ் ஆகிவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

இதற்கிடையில் ஓர் அட்மிஷன் ஏஜெண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். வெளிமாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் ‘நான்-அட்டெண்டிங்’ சீட் இருக்கிறது, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், மற்ற நாளெல்லாம் பெண் பாட்டே படிக்கட்டும் என்று சொல்லி 20,000 ரூபாய் முன்பணமும், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அசல் மதிப்பெண் சான்றிதழ்களும் வாங்கிப் போய்விட்டார். அப்பாவுக்கும் திருப்தி, மகளுக்கும் திருப்தி. ஆனாலும் மனசுக்குள் ஒரு நெருடல். “இரண்டையும் ஒன்றாகப் படிக்கலாமா? படித்தால் மியூசிக் தெரபிஸ்ட் ஆகலாமா? ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் எதை எடுப்பது?” என்று கேட்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

அந்த நெருடல் சரியானதுதான். உங்கள் மூன்று கேள்விக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

சான்றிதழ் முதலில் வீட்டுக்கு வரட்டும்

மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் அறிவித்திருக்கிறது. சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கல்லூரிக்கே இல்லாத உரிமை ஏஜெண்டுக்கு எங்கிருந்து வந்தது?

அப்பா பெயரில் அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதுங்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தெந்தச் சான்றிதழ்கள் கொடுக்கப்பட்டன, அவற்றின் பதிவெண் என்ன, பணம் எவ்வளவு, ரொக்கமா ஜிபேயா என்று எழுதி, சேரும் எண்ணம் இல்லை, ஏழு நாளில் திருப்பித் தரவும் என்று முடியுங்கள். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் கழித்தும் வரவில்லை என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். பணத்தையும் சான்றிதழையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். “முன்பணத்தை விட்டுவிட்டால் சான்றிதழ் தருகிறேன்” என்று பேரம் வந்தால், முதலில் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். பணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பணம் முழுதும் வந்து சேர்ந்தது என்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அதுவரை விண்ணப்பம் நிற்க வேண்டியதில்லை. டிஜிலாக்கரில் இருக்கும் மதிப்பெண் பட்டியலை வைத்தே போட்டுவிடலாம். அசலைப் பின்னால்தான் கேட்பார்கள்.

‘நான்-அட்டெண்டிங்’ என்றால் என்ன?

பெயர் நாகரிகமாக இருக்கிறது. காரியம் என்னவோ பொய் வருகைப் பதிவேடுதான். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். 2021இல் வந்த இந்திய நர்சிங் குழுமத்தின் பாடத்திட்டப்படி ஒரு செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். வகுப்பறைப் பாடத்துக்கு 80 சதவீத வருகை வேண்டும். மருத்துவமனைப் பயிற்சிக்கு, பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். விட்டுப்போன நாளை ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். கடைசி செமஸ்டரில் 22 வாரம் உள்ளகப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்), வாரத்துக்கு 48 மணி நேரம்.

இந்த மணிக்கணக்கு பட்டம் வாங்கியதோடு முடிந்துபோவதில்லை. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தால், அந்த நாட்டு நர்சிங் வாரியம் எந்தப் பாடத்தில் எத்தனை மணி வகுப்பு, எந்த வார்டில் எத்தனை மணி பயிற்சி என்று கல்லூரியிடமே கேட்கும். நீங்கள் அதே நான்கு வருடத்தில் திருவையாற்றில் மூன்று வருடம் படித்திருந்தால், ஒரே தேதியில் ஒரே பெண் இரண்டு ஊரில் வகுப்பில் இருந்ததாக இரண்டு பதிவேடுகள் சொல்லும். ஒரு பட்டத்தைக் காட்டும்போது இன்னொன்றை ஒளிக்க வேண்டிய நிலை உங்களுக்கு எதற்கு?

சட்டத்தை விடுங்கள், வார்டை நினைத்துப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்து பார்வைக்கு வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும், 10 மில்லி ஆம்ப்யூல். டிரிப் பாட்டிலில் நன்றாகக் கலந்து, சொட்டு எண்ணிக்கை வைத்து மெதுவாக ஏற்ற வேண்டியது அது. கரைக்காமல் சிரிஞ்சில் எடுத்து நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். எழுத்துத் தேர்வில் இதை மனப்பாடமாக எழுதிவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று நோயாளிகள் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது கை தானாக நிற்க வேண்டுமே, அது பயிற்சி மணிகளில் மட்டுமே வரும்.

“2022இல் யு.ஜி.சி. இரண்டு பட்டம் ஒன்றாகப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டதே” என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னது உண்மை. இரண்டும் நேரடிப் படிப்பாக இருந்தால் வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதக் கூடாது. இல்லையென்றால் ஒன்று நேரடியாகவும் மற்றது அனுமதி பெற்ற தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழியாகவோ இருக்கலாம். வாரம் 40 மணி நர்சிங்குக்குப் போனால் பகல் நேர இசைக் கல்லூரிக்கு இடமே இல்லை. நர்சிங்கைத் தொலைநிலையில் படிப்பதும் முடியாது. ஆக அந்தச் சலுகை உங்கள் விஷயத்தில் உதவாது.

இரண்டு கதவும் எப்படித் திறக்கின்றன

நர்சிங்குக்கு: தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வழியாக, துணை மருத்துவப் பட்டப் படிப்புகளோடு சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். தரவரிசை பிளஸ் டூ மதிப்பெண்ணில் போடுகிறார்கள்; இந்த வழிக்கு நீட் தேவையில்லை. ராணுவ நர்சிங் கல்லூரிகள், புதுச்சேரி ஜிப்மர் போன்ற சில இடங்கள் நீட் மதிப்பெண் பார்க்கின்றன. இந்திய நர்சிங் குழுமம் கேட்பது இயற்பியல், வேதியியல், உயிரியலில் 45 சதவீதம், டிசம்பர் 31க்குள் 17 வயது. இரண்டும் உங்களிடம் இருக்கிறது. 247 மதிப்பெண் வைத்துக்கொண்டு ஏஜெண்டு பின்னால் போனதுதான் வருத்தம். அரசுக் கல்லூரி கிடைக்கலாம். இல்லாவிட்டால் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இது இசைக் கல்லூரிப் பட்டப் படிப்புக்கும் பொருந்துமா என்று உங்கள் பள்ளியிலும் சேரும் கல்லூரியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வருட டிப்ளமோ நர்சிங்கும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர்ந்தால் மொத்தம் ஐந்து வருடம் ஆகும். எய்ம்ஸ் நர்சிங் அதிகாரி தேர்வுக்கு டிப்ளமோக்காரர்களிடம், 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள், பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர்களுக்கு அது வேண்டாம். அந்த வேலையின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். ஆனால் எல்லா நர்சுக்கும் இது கிடைக்கும் என்று அப்பா நினைத்திருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. மாநில அரசுப் பணியிலும் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தனியார் கல்லூரி எதுவானாலும் சேரும் முன் மூன்று தாள்களைப் பாருங்கள்: பல்கலைக்கழக இணைப்பு (தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்), மாநில நர்சிங் குழும அங்கீகாரம், இந்திய நர்சிங் குழுமத்தின் இந்த ஆண்டுப் பட்டியலில் கல்லூரியின் பெயரும் இட எண்ணிக்கையும். போன வருடப் பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள். பிறகு, கல்லூரியின் சொந்த மருத்துவமனைக்கு ஒரு சாதாரண நாளில், காலை பதினோரு மணிக்குப் போங்கள். 100 படுக்கை இருக்க வேண்டும் என்பது விதி. படுக்கை இருந்தால் போதாது, அதில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். வார்டு காலியாகக் கிடந்தால் மாணவிகள் யாரிடம் கற்பார்கள்?

இசைக்கு: அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை என நான்கு இடத்தில் உள்ளன. 2013இல் தொடங்கிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. விண்ணப்பம் தனி, பிளஸ் டூ மதிப்பெண்ணைவிட நீங்கள் பாடுவதைத்தான் கேட்பார்கள். இங்கே மாணவிகள் தவறுவது ஓர் இடத்தில்: ‘கலைமணி’ என்று முடிவது பட்டயம், பி.ஏ. என்பது பட்டம். இரண்டும் மூன்று வருடம்தான் என்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க வகுப்பு இசை ஆசிரியர் வேலைக்கு இசையில் இளங்கலைப் பட்டம் கேட்கிறார்கள். பிளஸ் டூ முடித்த நீங்கள் பட்டத்துக்கே விண்ணப்பியுங்கள். சேர்க்கைக் குறிப்பேட்டில் வயது வரம்பும் போட்டிருப்பார்கள். “நர்சிங் முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம்” என்று நினைக்கும் முன் அந்த வரியைப் படியுங்கள். பெண்களுக்குச் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் பி.ஏ. இசை உண்டு.

இசைக் கல்லூரி தருவது கச்சேரி மேடை அல்ல. ராக லட்சணம், 72 மேளம், தாளம், வரலாறு, துணைக் கருவி ஒன்று, தினமும் பாடியே ஆக வேண்டிய மூன்று வருடம் — இவ்வளவு தரும். அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் வருமானம் பெரும்பாலும் வகுப்பு எடுப்பதில்தான் வரும். மார்கழி மத்தியான மேடைகளில் இளையவர்களுக்குக் கிடைப்பது பக்கவாத்தியக்காரர் பஸ் செலவுக்குக் காணுமா என்பதே சந்தேகம்.

மியூசிக் தெரபி இரண்டையும் சேர்த்தால் வராது

நர்சிங் பட்டமும் இசைப் பட்டமும் கையில் இருந்தால் தானாக இசைச் சிகிச்சையாளர் ஆகிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அது தனிப் பயிற்சி. அமெரிக்காவில் அதற்கென்றே இளங்கலைப் பட்டம், 1,200 மணி நேர நேரடிப் பயிற்சி, அப்புறம் ஒரு சான்றுத் தேர்வு. இந்தியாவில் நர்சுக்கு இருப்பது போன்ற பதிவு முறையோ அரசுப் பணியிடமோ இசைச் சிகிச்சையாளருக்கு இன்னும் வரவில்லை. பக்கத்தில் புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இதற்கென ஒரு மையம் இருக்கிறது. பட்டம் முடித்த பிறகு யோசிக்க வேண்டியது அது. அப்போது நர்சிங் பின்னணி உங்களுக்குப் பெரிய பலமாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ராகம் இந்த நோய்க்கு என்று பட்டியல் போட்ட படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. நீங்களும் ஒன்றை இணைத்திருக்கிறீர்கள். அவற்றை நம்பாதீர்கள். அறுவைக்கு முன்னால், செயற்கை சுவாசத்தில் இருக்கும்போது, நோயாளிக்குப் பிடித்த இசை பதற்றத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் ராகம் என்று ஒன்று கிடையாது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே, குரலும் குழலும் வில் வாத்தியமும் போல நாதம் அறுந்துபோகாமல் நீளும் இசை நோயாளிக்கு இதமளிக்கும், பியானோ போல விட்டு விட்டு ஒலிப்பது அப்படி அல்ல என்று எழுதியிருக்கிறார். அதே அம்மையார்தான், நோயாளி அறையில் தேவையில்லாத சத்தம் எதுவும் கூடாது என்றும் கண்டிப்பாக எழுதினார்.

நாலு வரி

உங்கள் கடிதத்தில் பாட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. பாட்டியைப் பற்றி நாலு வரி. பக்கவாதத்தில் எட்டு மாதம் படுத்திருந்தவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்ததையும், குதிகால் சிவக்க ஆரம்பித்த அன்றே காலுக்குக் கீழே தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டதையும், கடைசிவரை புண்ணே வரவில்லை என்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலாம் ஆண்டு நர்சிங் மாணவிக்குப் படுக்கைப் புண் தடுப்பு என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். யாரும் சொல்லித் தராமல் செய்திருக்கிறீர்கள். செய்ததில் அருவருப்போ அலுப்போ அந்த நாலு வரியில் இல்லை.

அதனால் உங்களுக்கு நர்சிங் பிடிக்காமல் இல்லை, பாட்டு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான் என்று எனக்குப் படுகிறது. நான் படித்தது தப்பாக இருந்தால், அதாவது வார்டு, ரத்தம், இரவுப் பணி என்று நினைத்தாலே மனசு சுருங்குகிறது என்றால், தயங்காமல் இசைக் கல்லூரிக்குப் போங்கள். மனசில்லாத நர்ஸ் ஒருத்தியை உருவாக்கி யாருக்கும் லாபமில்லை. அப்படி இல்லை என்றால் என் யோசனை: முறையான கல்லூரியில், நேரில் போய்ப் படிக்கும் நர்சிங் முதலில். பாட்டுக்குப் பட்டம் பின்னால் வரலாம், ஆனால் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, ஒரு வாரம்கூட விடக் கூடாது.

அதற்கும் வழி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இசைக்கு லோயர் கிரேடு, ஹையர் கிரேடு இருக்கின்றன. கல்லூரியில் சேராமலே தனித்தேர்வராக எழுதலாம். இரண்டையும் நர்சிங் படிக்கும் நான்கு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். அகில இந்திய வானொலியின் குரல் தேர்வில் ‘பி’ கிரேடு வாங்குவதற்கும் இசைப் பட்டம் தேவையில்லை. வேறு பட்டம் பெற்றவர்கள் இசைத் தேர்ச்சிக்குச் சான்று காட்டி எம்.ஏ. இசையில் சேரச் சில பல்கலைக்கழகங்களில் வழி உண்டு. அங்கே இந்தச் சான்றுகள் கைகொடுக்கும்.

வார்டு போஸ்டிங் நாட்களில் குரல்

நர்சிங் விடுதியில் பாட்டு நின்றுபோவது பெரும்பாலும் நேரமில்லாமல் அல்ல. ரெக்கார்டு, கேர் பிளான், டிரக் புக் எல்லாம் எழுதி முடித்துவிட்டுப் பாடலாம் என்று தள்ளிப்போடுவதால். ராத்திரி பத்தரைக்கு எழுதி முடிப்பீர்கள், அறையில் இன்னும் மூன்று பேர் தூங்கப் போவார்கள். அதனால் காலை ஐந்தேகாலுக்கு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி, துணி உலர்த்தும் மாடி, வழிபாட்டு அறை, எந்த இடம் என்று முதல் வாரமே வார்டனிடம் கேட்டுப் பெறுங்கள். பல விடுதிகளில் கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். சுருதி செயலியை நம்பாமல் சின்ன சுருதிப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

முதல் பத்து நிமிடம் மந்திர ஸ்தாயியில் நீண்ட கார்வை. அடுத்த பதினைந்து நிமிடம் சரளி, ஜண்டை, அலங்காரம் அகாரத்தில் மூன்று காலம். மீதிக்கு ஒரு வர்ணம், இரண்டு காலம். புதுக் கீர்த்தனையை விடுமுறைக்கு விட்டுவிடுங்கள். நான்கு வருடத்தில் உருப்படி எண்ணிக்கை கூடாவிட்டால் பரவாயில்லை, ஸ்ருதி சுத்தம் போகக் கூடாது. இரவுப் பணி முடிந்த காலையில் மேல் ஸ்தாயி வேண்டாம். தூங்கி எழுந்து தண்ணீர் குடித்த பிறகு பாடுங்கள். முகக்கவசத்தோடு வார்டுச் சத்தத்துக்கு மேலே குரல் உயர்த்திப் பேசிப் பேசித்தான் பலருக்குத் தொண்டை கட்டுகிறது. படுக்கை அருகே போய்த் தாழ்ந்த குரலில் பேசிப் பழகுங்கள், நோயாளிக்கும் அதுதான் நல்லது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டுங்கள். ஆசிரியையிடம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

“நான் நர்சிங் வேண்டாம்னு சொல்லலப்பா, பொய் நர்சிங் வேண்டாம்னு சொல்றேன்” என்று ஆரம்பியுங்கள். 20,000 ரூபாயைப் பற்றிக் குத்திக்காட்ட வேண்டாம். கொடுத்தவருக்கு அது ஏற்கெனவே உறுத்திக்கொண்டுதான் இருக்கும். ஏஜெண்டுக்குக் கடிதம் எழுத அவரையே கூட உட்கார வையுங்கள். மருத்துவமனை பார்க்கப் போகும்போதும் அவரை அழைத்துப் போங்கள். பேருந்து நடத்துநருக்குக் கூட்டத்தை எண்ணத் தெரியும், வார்டில் எத்தனை படுக்கை காலி என்று உங்களுக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.

தேர்வுக் குழு, திருவையாறு இரண்டுக்கும் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். ஒன்றுக்குப் போட்டதால் மற்றது ரத்தாகாது. நர்சிங் கலந்தாய்வு நீண்டுகொண்டே போகும். இடையில் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேர்ந்திருங்கள். பிறகு விலக நேர்ந்தால் கட்டணம் எவ்வளவு திரும்ப வரும் என்பது தேதியைப் பொறுத்தது: சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளாவது முன்னால் என்றால் சிறு பிடித்தம் போக முழுதும், அந்தத் தேதி கழிந்து 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாள் தாண்டினால் ஒன்றுமில்லை என்பது யு.ஜி.சி. 2018 கணக்கு. காலண்டரில் குறித்து வையுங்கள்.

விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்கும் இடத்தில் உங்கள் வீட்டு எண்ணையே கொடுங்கள். “நான் போட்டுத் தருகிறேன்” என்று பிரவுசிங் சென்டர்காரரோ தெரிந்தவரோ தன் எண்ணைப் போட்டுவிட்டால், கலந்தாய்வுக்கு அழைக்கும் குறுஞ்செய்தியும் ஓ.டி.பி.யும் அவருக்குத்தான் போகும்.